நாலு வீடு தள்ளி உட்கார்ந்த தோஷம்

எண்பத்து நாலாம் வருடம், அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த தோட்டத்துக் கோயிலில் மூன்று வாரமாகக் கால் வைக்க இடமில்லை. அம்மனைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ராகசக்கர சுவாமி வந்திருந்தார். பினாங்கையே கலக்கிவிட்டு வந்தவராம். யார் பார்த்தது? சுவாமியே சொன்னார், போதாதா?

அவருடைய சாத்திரம் எளிது. ராசி பன்னிரண்டு. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குக் கட்டையும் பன்னிரண்டு. "கடவுள் சும்மாவா இப்படிப் படைச்சான்?" என்பார். ஆர்மோனியத்தைக் கடவுள் படைத்தது அன்றுதான் தோட்டத்துக்குத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என இரண்டு சைக்கிள் ரிம். ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கொக்கி. உச்சிக் கொக்கிதான் ஆரம்பச் சுரமான ஷட்ஜம். அவரவர் ராசிக்குரிய ராகத்தின் ஐந்து சுரங்களைச் சிவப்பு நூலால் இணைத்தால் ஓர் ஐங்கோணம் வரும். ஒரு ரிம்மின் மேல் இன்னொன்றை வைக்கும்போது நூல்கள் வெட்டிக்கொண்டால் கோண தோஷம். தங்கச் சங்கிலி போட்டு வந்தவர்களுக்கெல்லாம் எப்படியோ வெட்டியது. பரிகாரத் தகடும் சுவாமியிடமே கிடைத்தது.

சந்திரிகாவுக்கும் வெட்டியது. ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்பவள், வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள். தையில் சேதுவுடன் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சேதுவுக்கு மோகனம், அவளுக்கு இந்தோளம் என்றார் சுவாமி.

"ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்காதும்மா. தோஷம் காதுலயே கேக்குது. பையன் உயிருக்கே ஆபத்து. பெரிய ஹோமமா பண்ணணும்."

சேதுவின் அம்மா இராஜம்மா எழுந்துவிட்டாள். "எனக்கு ஒத்தப் புள்ள. ஹோமமும் வேணாம், இந்தச் சம்பந்தமும் வேணாம்லா."

பயமுறுத்தியது கொஞ்சம் அதிகமாகி, வியாபாரமே போய்விட்டது. சுவாமியின் முகம் சுருங்கியது. சேது தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரிகாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ரிம்களை முறைத்தாள். முறைத்தவளுக்கு ஏதோ பிடிபட்டது. மூலையில் கிடந்த கோயில் ஆர்மோனியத்தை இழுத்து வைத்தாள்.

"சாமி, கண்ண மூடிக் கேளுங்க. எது யாரு ராகம்னு சொல்லுங்க."

முதலில் ஒன்று வாசித்தாள்.

"மோகனம். அமுதமா இருக்கு. பையன் ராகம்."

இன்னொன்று வாசித்தாள்.

"இந்தோளம். நெருப்பு. இதுதான் பையனச் சுடும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அத்தை, அந்த வெள்ளைக் கட்டைய அமுக்குங்க."

இராஜம்மா அமுக்கினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அடுத்ததும் அப்படியே.

"கூரை ஒழுகி வெள்ளையெல்லாம் செத்துப் போச்சு. ரெண்டு வருசமா கறுப்புலதான் பஜனையே ஓட்டுறேன். ஒரு ஸ்தாயிக்குக் கறுப்பு அஞ்சுதான். இப்ப வாசிச்ச ரெண்டு ராகமும் அதே அஞ்சு கட்டைதான். ஆரம்பிச்ச எடந்தான் வேற. ஒரே வீட்டுல குடியிருக்காதுன்னாரு. இதுல எப்படி இருந்துச்சு?"

பெண் ரிம்மை எடுத்து நாலு வீடு திருப்பி, மாப்பிள்ளை ரிம்மின் மேல் வைத்தாள். நூல் நூலோடு ஒட்டி உட்கார்ந்தது. இரண்டு ஐங்கோணமும் ஒன்றேதான்.

"சக்கரத்தத் திருப்பக் கூடாது. சாத்திரத்துல இடமில்ல," என்றார் சுவாமி.

சேது அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தான். "சைக்கிள் ரிம்மத் திருப்பக் கூடாதுன்னு எந்தச் சாத்திரம் சாமி?"

சிரிப்பில் கோயிலே அதிர்ந்தது. தகடு வாங்கியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் சுவாமியைத் தேடினார்கள். அவர் அதற்குள் செம்பனைக் குலை ஏற்றிப் போன லோரியில் தொற்றிக்கொண்டிருந்தார், ரிம்கூட எடுக்காமல்.

இராஜம்மா சந்திரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தையில் கல்யாணம் நடந்தது.

அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு கை போதும். மூன்று வாரமும் அங்கே வந்த அத்தனை பேருக்கும் இரண்டு கை இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.