உலகத்துக்குத் தொடக்கமில்லை என்று நான் நிரூபித்த மாலை

ஆண்டவன் இந்த உலகத்தைப் படைக்கவே இல்லை என்று மயிலாப்பூரில் ஒரு பொதுக்கூட்டத்தில், கொட்டகை நிறைய ஆட்கள் முன்னால், நான் நிரூபித்திருக்கிறேன். (பதற வேண்டாம். நான் நாத்திகன் இல்லை. மதரஸாவில் இஸ்லாமிய இறையியலும் தத்துவமும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். சங்கடமே அதுதான்.)

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அரபு மதரஸாவில் ஓதி முடித்து, அது போதாதென்று பட்டணத்துக் காலேஜில் பிலாசபியும் படித்து, இரண்டும் ஒன்றாகத் தலைக்கேறியிருந்த காலம். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடக் காரண காரியத் தொடர்பைப் பற்றிப் பேசுவேன். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். அவர் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாதம் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்வேன்.

என் அக்காவின் கணவர் யூசுப் மச்சான் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார். கச்சேரி ரோட்டில் அத்தர் கடை வைத்திருந்த ஹனீபா ராவுத்தரின் மகள் ஜமீலா. அவளை நான் ஒரே தடவை, குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போது, தற்செயலாகப் பார்த்திருந்தேன். (அந்தத் தற்செயலுக்காகப் பல சாயங்காலங்கள் அந்தத் தெருவில் நடக்க வேண்டியிருந்தது.) அதிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டாம் என்றாகிவிட்டது. ராவுத்தருக்குத்தான் ஒரு சந்தேகம். பையன் ரொம்பப் படித்துவிட்டான், ஈமான், அதாவது இறைநம்பிக்கை, சரியாக இருக்குமா என்று மச்சானிடம் கேட்டிருக்கிறார். கடைசியில், "பையன் பேச்சை ஒரு தபா கேக்கணும். கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றாராம்.

கேட்பதற்கு வசதியாக, எங்கள் பேட்டை வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. பேச்சாளர் நான். தலைப்பு: உலகம் படைக்கப்பட்டதே. திரை கட்டி, பெண்களுக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

இங்கே எங்கள் துறையின் மரபு ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியின் வாதத்தை நோஞ்சானாக நிறுத்திவைத்து அடித்து வீழ்த்துவது எங்களுக்குக் கேவலம். எதிராளியே கேட்டாலும் 'அடடா, எனக்கே இப்படிச் சொல்ல வராதே' என்று சந்தோஷப்படுகிற அளவுக்கு முழுப் பலத்தோடு எடுத்து வைக்க வேண்டும். 'இப்படி ஒருவர் சொன்னால், நாம் சொல்லும் பதில் இது' என்று மறுப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே, முதல் ஒரு மணி நேரம் எதிர்க்கட்சி, அடுத்த ஒரு மணி நேரம் மறுப்பு, அப்புறம் சூரியன் மறைந்ததும் தொழுகிற மக்ரிப் தொழுகை என்று திட்டம் போட்டேன். ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழு மணிக்கு மக்ரிப். கச்சிதம்.

போர்க்காலத்தில் சர்க்கார் எல்லோருடைய கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதனால்தான் சூரியன் ஏழு மணி வாக்கில் மறைந்துகொண்டிருந்தது. போர் முடிந்து, கடிகாரங்களைப் பழையபடி பின்னால் தள்ளினார்கள். அது எங்கள் கூட்டம் நடந்த அன்று காலையில். என் கைக்கடிகாரத்தை மச்சான்தான் வாங்கித் திருப்பி வைத்தார். கடிகாரம் பின்னால் போனால் சூரியன் ஆறு மணிக்கே மறைந்துவிடும் என்பது, காலம் என்றால் என்னவென்று மேடையேறி விளக்கப்போகிறவனுக்கு உறைக்கவில்லை.

பேசினேன். அப்படி நான் அதற்கு முன்னாலும் பேசியதில்லை, பின்னாலும் பேசியதில்லை. "விளக்கு என்றைக்கு உண்டோ அன்றைக்கே வெளிச்சமும் உண்டு. விளக்கு மட்டும் இருந்து வெளிச்சம் இல்லாத நேரம் என்று ஒன்று இருக்க முடியுமா? இறைவன் என்றென்றும் இருப்பவன் என்றால், உலகமும் என்றென்றும் இருக்க வேண்டியதுதானே? திடீரென்று ஒரு நாள் அவன் ஏன் படைக்க வேண்டும்? அதற்கு முந்தின நாள் என்ன தடை?" கேட்டுவிட்டுக் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தேன். முன்வரிசையில் ராவுத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சொல்வன்மை அவரை வியர்க்க வைக்கிறது என்று பூரித்துப்போய் இன்னும் இரண்டு வாதங்களைச் சேர்த்துக்கொண்டேன். "ஆகவே, இந்த உலகத்துக்குத் தொடக்கம் இல்லை" என்று மேஜையைத் தட்டி முடித்து, மறுப்பைத் தொடங்குவதற்காக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

பாங்கு சொல்லுகிற மோதினாருக்கு ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் கொட்டகை முழுவதும் எழுந்துவிட்டது. மீதியைத் தொழுகைக்குப் பிறகு கேட்கலாம் என்றார் தலைவர். தொழுதுவிட்டு வெளியே வந்தால், ஐப்பசி மழை. ஜனங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் மட்டும் நனைந்துகொண்டே கொட்டகைக்குத் திரும்பி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மழைக்கு ஒதுங்கியிருந்த இரண்டு பேரிடம் "இதற்கு நாம் சொல்லும் பதில் என்னவென்றால்" என்று தொடங்கினேன். எதற்குப் பதில் என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் பாதிக்கு அவர்கள் வரவே இல்லை. நாற்காலி வாடகைக்கு விட்டவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நைனா, கொஞ்சம் எய்ந்துக்கிறியா? உன் நாற்காலி ஒண்ணுதான் பாக்கி கீது."

எழுந்துகொண்டேன். அப்போதுதான் மச்சான் வந்தார். "இன்னா மச்சி இப்டி பண்ணிட்டே? ராவுத்தர் பொண்டாட்டி புள்ளைய வண்டில ஏத்திக்கினு போய்ட்டாரு. எனக்கு ஒரு சலாம்கூட இல்ல."

மறுநாள் காலையில் அத்தர் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ராவுத்தர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் மறுப்பைச் சொன்னேன். விளக்குக்கு விருப்பம் கிடையாது, இறைவனுக்கு உண்டு. எப்போது படைப்பது என்பது அவன் நாட்டம். தவிர, காலமே உலகத்தோடு படைக்கப்பட்டதுதான். அதனால் 'முந்தின நாள்' என்று ஒன்று கிடையாது. முடிந்தது. அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான். எதிர்க்கட்சியைச் செதுக்கிச் செதுக்கித் தயார் செய்ததில் எனக்கு அப்படி ஓர் இன்பம். மறுப்பை மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

"நேத்து நீங்க சொன்னது என்னா பலமா இருந்திச்சு, தம்பி. ராத்திரி முச்சூடும் தூக்கமில்ல. வெளக்க அணைச்சிட்டுப் படுத்தா அந்த வெளக்குதான் ஞாபகத்துக்கு வருது. அதுக்கு நீங்க சொல்ற பதிலு, அத்தர் புட்டியத் தொறந்து மூடறதுக்குள்ள முடிஞ்சு போச்சே."

ஜமீலா போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸலாம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். வலதுகால் செருப்பை இடதுகாலில் மாட்டினேன் என்று ராவுத்தர் பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னார்.

"இருங்க. எம் பொண்ணு வேற ஒண்ணு சொல்லிக்கினு கீது" என்றார். "திரைக்கு அந்தாண்ட உக்காந்து எல்லாம் கேட்டிச்சாம். 'அத்தா, தனக்கு ஆவாதவங்க கட்சியக்கூட ஒரு வார்த்த கொறைக்காம எடுத்துச் சொல்றாரே. நம்ம வீட்ல என் பேச்ச யாராச்சும் இப்டி எடுத்துச் சொல்லியிருக்கீங்களா'ன்னு கேக்குது. வெளக்குக்கும் எனக்கு பதில் தெரியல. இதுக்கும் தெரியல."

அந்த வருஷமே நிக்காஹ் நடந்தது. ராவுத்தர் இன்றுவரை விளக்கு விஷயத்தில் முழுத் திருப்தி அடையவில்லை. பெருநாளைக்குப் போனால் என்னைத் தனியே அழைத்து, புதிதாக ஏதாவது கிடைத்ததா என்று மெதுவாக விசாரிப்பார்.

ஜமீலா, தான் கேட்டு வாங்கிய சரக்கை வீணடிக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் முதலில் அவள் கட்சியை நான் எடுத்துச் சொல்ல வேண்டும். 'ஆமா, அதுதான்' என்று அவள் தலையாட்டிய பிறகே மறுப்பு. போன வருஷம் அடையாறுக்குக் குடிபோகலாம் என்றாள். மதரஸாவை விட்டு அவ்வளவு தூரமா, முடியவே முடியாது என்றேன். வழக்கப்படி அவள் கட்சியைத் தொடங்கினேன். கடற்காற்று, உப்புக் கரிக்காத கிணறு, பிள்ளைகள் ஓட இடம், கொல்லையில் ஒரு முல்லைப் பந்தல். சொல்லி முடித்தபோது எனக்கே கண் கலங்கியிருந்தது.

இப்போது அடையாறில் இருக்கிறோம். எனக்கும் மதரஸாவுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. யூசுப் மச்சான் வரும்போதெல்லாம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "இன்னாம்மா, இன்னைக்கு உன் கட்சிக்கு வாத்தியார் பேசிட்டாரா?"

"பேசிட்டாருண்ணே" என்பாள் ஜமீலா. "ஜெயிச்சும் குடுத்துட்டாரு."