கருப்பணன் எடுக்காமல் விட்ட இரண்டாவது பரிசோதனை

திண்டுக்கல்லில் புளிக் கமிஷன் கடை வைத்திருக்கும் கருப்பணன், தன் மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு மூன்று இட்லி சாப்பிட்டார். வழக்கமாக ஆறு சாப்பிடுகிறவர். இட்லி அவித்து, சட்னி அரைத்து, தட்டில் வைத்தவளே குற்றவாளி என்பதால் அதற்கு மேல் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். வியாபாரிகள் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் ரத்ததான முகாமில் கருப்பணன் தவறாமல் கை நீட்டுவார். இது இருபத்தைந்தாவது தடவை. சங்கத்தில் சால்வை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சால்வைக்கு முன்னால் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது, நேரில் வரச் சொல்லி. போனார். ஆலோசனை சொல்லும் அம்மா ஒருவர் அவரைத் தனி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவர் ரத்தத்தில் பால்வினை நோய் ஒன்றின் அடையாளம் தெரிவதாக மெல்லச் சொன்னார். அதன் பிறகும் அந்த அம்மா ஐந்து நிமிஷம் பேசினார், ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். கருப்பணன் காதில் எதுவும் ஏறவில்லை.

அவர் தொழில் அப்படி. நத்தத்திலிருந்து லாரி நிறையப் புளி மூட்டை வந்து இறங்கும். ஏதாவது ஒரு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். முகர்வார், நாக்கில் வைப்பார், மொத்த லோடுக்கும் விலை சொல்லிவிடுவார். இரண்டாவது மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பிடி அவரைக் கைவிட்டதில்லை. அதே பழக்கத்தில் இதையும் தீர்த்துவிட்டார். தான் வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்படியானால் நோய் வீட்டுக்குள் வந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

அந்த வழியின் பெயர் அறிவுச்செல்வி. வயது நாற்பத்திரண்டு. கீரனூர்ப் பக்கத்துப் பெண், அதனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்தும் ஏனுங்க, சரிங்க என்றுதான் பேச்சு. மகள் படிக்க ஹாஸ்டலுக்குப் போனபின் பொழுது போகவில்லை என்று கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஆறரைக்கு டிரைவிங் ஸ்கூல் கார் வாசலுக்கு வரும். சொல்லிக்கொடுப்பவர் பெயர் கண்ணன். அந்தப் பெயரே கருப்பணனுக்குப் பாதி சாட்சியாகப் பட்டது.

புதன்கிழமை முதல் பின்தொடர்ந்தார். தலையில் ஹெல்மெட், முகத்தில் கைக்குட்டை, கீழே தன் கடைப் பெயர் எழுதிய ஸ்கூட்டர். எல் போர்டு கார் தாடிக்கொம்பு ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனது. அதையும் முந்தாமல் ஸ்கூட்டர் ஓட்டுவது லேசான காரியமில்லை. கார் அணைந்து நின்றபோதெல்லாம் இவரும் காலை ஊன்றி நின்று, சாலையோரப் புளியமரத்தை விலை பேசுகிற மாதிரி அண்ணாந்து பார்த்தார். கார் திரும்பும்போதுதான் கண்ணனின் முகம் தெரிந்தது. அறுபது வயதுக்காரர். டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அது மயக்கத்தில் மூடிய கண் என்று கருப்பணன் மனதில் குறித்துக்கொண்டார். பார்த்திருந்த யாருக்கும் அது உயிர்ப்பயம் என்று தெரிந்திருக்கும்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்கு வரவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். அவளை விட்டால் அவருக்கு யாரும் இல்லை. தன் சட்டை என்ன அளவு என்றுகூட அவருக்குத் தெரியாது, அது அவளுக்குத்தான் தெரியும். அவள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம்தான் அத்தனையும். அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல் கோபம் என்று வைத்துக்கொண்டார்.

எட்டு நாள் அலைந்தும் புளியமரங்களைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. அறிவியல் வழியில் இறங்கினார். சுகர், பிரஷர் எல்லாம் பார்த்துவிடலாம் என்று சொல்லி அறிவுச்செல்வியை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ரத்தம் எடுக்கும் பெண் பக்ருன்னிசாவைத் தனியே கூப்பிட்டு, இன்ன நோய்க்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் அந்தப் பரிசோதனை செய்யக்கூடாது என்றாள் பக்ருன்னிசா. நானே கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, கேட்டாயிற்று, சம்மதம் என்றார். அந்த டீ குடிக்கும் நேரத்தில் பக்ருன்னிசா நேராக அறிவுச்செல்வியிடமே கேட்டிருந்தாள். எடுங்க கண்ணு என்று அவளும் கையை நீட்டியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் கருப்பணன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு காகிதம்.

"ஏனுங்க, உக்காருங்க. ரிப்போர்ட் வந்துருச்சு."

"சுகர் எம்புட்டு?"

"சுகர் இல்லீங்க. அந்த நோயும் இல்லீங்க."

"எந்த நோயி?"

"நீங்க என்ர ரத்தத்துல தேடுன நோய்."

கருப்பணன் உட்கார்ந்தார். இரண்டாவது காகிதத்தை அவள் அவர் பக்கம் தள்ளினாள். ரத்த வங்கி அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு. போன வாரம் புதன்கிழமை சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் இருந்ததாம். முதல் பரிசோதனை முடிவல்ல என்றும், சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் தவறாகக் காட்டலாம் என்றும், சனிக்கிழமை வந்து இரண்டாவது பரிசோதனை செய்துகொள்ளவும் என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. முகாமுக்கு முந்தின மாதம் அவர் காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தார். கஞ்சி ஊட்டியவள் இவள். சால்வை கைநழுவிவிடுமே என்று படிவத்தில் காய்ச்சல் இல்லை என்று எழுதியவர் அவர்.

"சனிக்கிழமை போயிருச்சுங்க. நீங்க போகல."

"அன்னைக்கிச் சோலி இருந்துச்சு."

"தெரியுமுங்க. என் பின்னால ஸ்கூட்டர்ல வந்துட்டு இருந்தீங்க."

"பாத்தியா?"

"கார்ல மூணு கண்ணாடி வெச்சிருக்காங்க. மொத நாளே அதத்தான் பாக்கச் சொல்லித் தந்தாங்க. யாரோ பின்னாடியே வாராங்களேன்னு கண்ணன் அண்ணன் பயந்துட்டாரு. கார் கத்துக்க ஆசப்படற ஆளு, வரட்டும்னு சொன்னேனுங்க."

கருப்பணன் தலை குனிந்தது. நீங்களாக வந்து சொல்லுவீங்கன்னு எட்டு நாள் பார்த்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அடுத்த நாள் அவளே கூட வந்து இரண்டாவது பரிசோதனைக்கு உட்காரவைத்தாள். இரண்டு நாளில் முடிவு வந்தது. நோய் எதுவும் இல்லை. கருப்பணன் ரத்த வங்கி வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு முழம் மல்லிகையும் அரைக்கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் அவளுடைய பெட்டி கட்டி வைத்திருந்தது. கீரனூருக்கு.

"அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சே, செல்வி."

"நோய் இருந்திருந்தாக் கூட இருந்து பாத்திருப்பேன். ஊசி போட்டு, மாத்திரை குடுத்து, சரியாப் போற வரைக்கும் பக்கத்துலயே இருந்திருப்பேன். இப்ப நோய் இல்ல. நீங்க என்னைய நெனச்ச நெனப்பு மட்டுந்தான் இருக்குது. அத எந்த ஆஸ்பத்திரியில காட்டறது?"

அவளுடைய குரல் உயரவில்லை. கருப்பணனுக்கு அதுதான் வலித்தது. மல்லிகையைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். தான் செய்தது பாவம் என்றார். எடுத்த எடுப்பில் தீர்ப்பு சொல்லிப் பழகிய புத்தி என்றார். நீ போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்று சொல்லும்போது அழுதுவிட்டார். அவள் அவர் கையிலிருந்த மல்லிகையை வாங்கிக்கொண்டாள். பிறகு, எழுந்திருங்க, பெட்டி நசுங்குது என்றாள். பெட்டியை அவர்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போனார். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

உயிர் திரும்பி வந்ததும் கருப்பணனுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது. அப்படிப்பட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டும் இவள் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. புருஷன் ஒழுக்கத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு பெண் அப்படி இருப்பாள். அதை அவள் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டார்.

"ஒண்ணு கேக்கவா செல்வி? அந்தச் சீட்டப் படிச்சப்ப நீ என்னைய ஒரு செத்த நேரங்கூடச் சந்தேகப்படலையா?"

"படாம என்னங்க? அன்னிக்கே நேரா மண்டிக்குப் போயி நாலு கடையில விசாரிச்சேன். உங்களுக்கு எங்கியாச்சும் பொம்பளைத் தொடுப்பு இருக்குதான்னு."

கருப்பணன் மீசையை நீவி விட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னாக?"

அவள் கடைசிப் புடவையை வைத்து அலமாரியைச் சாத்தினாள்.

"ஒருத்தரும் பதில் சொல்லலீங்க. சிரிச்சு முடிக்கறதுக்கே அவங்களுக்கு நேரம் பத்தல."