மணவறை அண்ணையும் நாலாவது ஆளும்

லண்டனில் பச்சை விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்துகிற ஓட்டுநர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தோர்ண்டன் ஹீத் பகுதி மணவறை அண்ணை. குறுக்கே பூனை போய்விட்டால், பின்னால் எத்தனை பஸ் நின்று ஹோர்ன் அடித்தாலும் அசையமாட்டார். வேறு யாராவது முந்திப் போய் அந்தச் சகுனத்தைத் தங்கள் தலையில் வாங்கிக்கொள்ளும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். நரி போனால் கதை வேறு. நரி முகம் அதிர்ஷ்டமல்லவா? குப்பைத் தொட்டிக்கொரு நரி திரிகிற எங்கள் பகுதியை விட ராசியான இடம் உலகத்தில் கிடையாது என்பார்.

கலியாண மண்டபங்களுக்கு மணவறை சோடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவருடைய வான் வண்டியில் வழிகாட்டிக் கருவியைப் போட்டால் முதலில் அது "எங்கே போக வேண்டும்?" என்று கேட்கும். வெளிக்கிடுகிறவனைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? ஆகவே தெருவை ஒருமுறை சும்மா சுற்றி வந்த பிறகுதான் அதைப் போடுவார். "இப்ப கேக்கட்டும். இப்ப நான் வெளிக்கிடேல்லை, போய்க்கொண்டிருக்கிறன்" என்பார்.

எங்கள் நண்பன் நிமலனுக்கு ஸ்கொட்லாந்தின் வடக்கில், ஏரிக்கரை விடுதி ஒன்றில் கலியாணம். பெண் அந்த ஊர்க்காரி, பெயர் மெய்ரி. நிமலனின் அப்பா மூர்த்தி உயிரோடு இல்லை. மூர்த்தியும் அண்ணையும் ஒரே வானில் மணவறை ஏற்றி இறக்கியவர்கள். தகப்பன் இடத்தில் நின்று தாலித் தட்டை ஏந்தும்படி நிமலன் அண்ணையைக் கேட்டிருந்தான். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். கேட்ட அன்றே போய்ப் பட்டு வேட்டி வாங்கி, அதைக் கட்டிக்கொண்டு வானுக்குள் ஏறி இறங்கிப் பழகினார். அந்தத் தட்டை ஏந்துவதைத் தவிர வேறொன்றும் அவருக்கு அந்த மாதம் முழுக்க நினைப்பில் இல்லை.

மணவறையோடு போனது அண்ணை, எங்கள் கூட்டாளி கபிலன், நான். மூன்று பேர். மூன்று பேராகப் போனால் காரியம் முறியும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு: ஒரு கல்லை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணை வீட்டு மதிலிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து முன்பக்கம் வைத்தார். அது வளைவுக்கு வளைவு சறுக்கி கபிலனின் காலைப் பதம் பார்த்தது. வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் அவன் அதைப் பூஞ்செடிக்குள் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல ஏறிவிட்டான்.

ஒரு விடுதியில் இரவு தங்கிவிட்டு, காலையில் மலைகளுக்குள் நுழைந்த பிறகுதான் அண்ணை குனிந்து பார்த்தார்.

"ஆரடா என்ர ஆளை இறக்கினது?"

மரமே இல்லாத மலைகள். கறுத்த சரிவுகள் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றன. மூடுபனி கீழே இறங்கி, தெருவை வானுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுத்தது. வீடில்லை, ஆளில்லை. தெருவோரமாகக் கற்களை யாரோ குவியலாக அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணை இறங்கிப் போய், உச்சியிலிருந்த ஒன்றைத் தூக்கி வந்து பின்வரிசையில் என் பக்கத்து இருக்கையில் வைத்தார். தேங்காயை விடப் பெரிது. ஒரு பக்கம் பாசி. கை வைத்தால் எலும்புவரை குளிர்ந்தது.

வான் நகர்ந்ததும் பெல்ட் போடாத ஆளுக்கு அடிக்கும் மணி அடித்தது.

"தம்பி, அவருக்கு பெல்ட்டைப் போட்டு விடு" என்றார் அண்ணை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். ஆகவே எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பாரத்தை உணரும் கருவி இருக்கைக்குள் இருக்கிறது, கல்லின் பாரத்தை ஆள் என்று நினைக்கிறது என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டே பெல்ட்டைப் போட்டேன். மணி நின்றது.

அடுத்துத் தேத்தண்ணி குடிக்க ஒரு சிறிய கடையில் இறங்கினோம். கடைக்காரி எங்களைப் பார்த்தாள், வானைப் பார்த்தாள், நாலு கோப்பை வைத்தாள். நாலு கோப்பை ஒரு செட்டாக இருக்கும் என்றேன் நான். கபிலன் மற்ற மேசையைக் காட்டினான். அங்கே இரண்டு பேர், இரண்டு கோப்பை. அண்ணையோ நாலாவது கோப்பைக்கும் சீனி போட்டார்.

திரும்ப ஏறியபோது கல்லுப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் உட்புறமாக ஆவி படிந்திருந்தது. உள்ளே ஒருவர் காத்திருந்து மூச்சு விட்டதுபோல. ஈரக் கல், ஹீட்டர் சூடு என்று நான் விளக்கம் சொன்னேன். துடைத்தேன். மறுபடி படிந்தது.

பனி இன்னும் தடித்தது. அப்போது மணி மறுபடி அடித்தது. நான் பார்த்தேன்: பெல்ட் போட்டபடியே இருந்தது.

"அவர் என்னவோ சொல்லுறார்" என்று அண்ணை பிரேக்கை அழுத்தினார்.

வான் நின்ற இடத்துக்கு ஒரு கை தூரத்தில், பனிக்குள்ளிருந்து மான்கள் வந்தன. மரக்கிளை போன்ற கொம்புகள். காலடிச் சத்தம்கூட இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவைக் கடந்தன. நிற்காமல் வந்திருந்தால் வானும் மணவறையும் நாங்களும் அந்தக் கொம்புகளில் தொங்கியிருப்போம். கடைசியாக வந்த கிழட்டு மான் மட்டும் நின்றது. எங்கள் மூன்று பேரையும் அது பொருட்படுத்தவில்லை. என் பக்கத்து இருக்கையை நீண்ட நேரம் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திவிட்டுப் போனது. மணி தானாகவே நின்றது.

"இதுக்கு என்னடா விளக்கம்?" என்றான் கபிலன். நான் படித்தது அவ்வளவுதான்.

விடுதிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். மணவறையைப் பொருத்தி முடித்து, பட்டு வேட்டி கட்டி, அண்ணை வாசலுக்கு வந்தபோது கையில் துவாய்த் துண்டால் சுற்றிய கல். கூட வந்த ஆளை வானுக்குள் விட்டுவிட்டுக் கலியாணம் பார்ப்பது மரியாதையா என்று கேட்டார். பெண்ணின் மாமா அந்த ஊர் ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையும் தொப்பியுமாக நின்று வரவேற்றார். கல்லைப் பார்த்தார். எங்கே எடுத்தது என்று கேட்டார். நான் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார்.

முன்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம்தான் இடுகாடாம். பிணப்பெட்டியைத் தோளில் சுமந்து போகிறவர்கள் களைத்து இறக்கி வைக்கிற இடம் அது. ஒவ்வொரு தடவையும் செத்தவருக்காக ஒரு கல் வைப்பார்களாம். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அண்ணை வாசற்படியிலிருந்து பின்னுக்குப் போனார். தூறல் அவர் வேட்டியில் விழுந்தது.

"துடக்கு, தம்பி, சாவுத் தீட்டு. செத்த ஆளைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். நான் உள்ளுக்க வரமாட்டன். தட்டை வேற ஆரும் பிடிக்கட்டும்."

உள்ளே மேளம் கேட்டது. முகூர்த்தம் நெருங்கியது. நிமலன் மணவறையிலிருந்து எழும்ப முடியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கபிலன் கெஞ்சினான். பாவாடை மாமா ஆங்கிலத்தில் கெஞ்சினார். அண்ணை கல்லை நெஞ்சோடு அணைத்தபடி நனைந்துகொண்டு நின்றார்.

அப்போது சமையலறைப் பக்கத்துக் கதவால் நிமலனின் அம்மா வந்தார். கணவன் இல்லாதவள் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று காலையிலிருந்து அங்கேதான் ஒதுங்கியிருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஆரின்ர இடத்தில நிக்க வந்தனீங்கள்?"

"மூர்த்தியின்ர இடத்தில."

"அவர் உயிரோட இருக்கிறாரோ?"

அண்ணை கல்லைச் சுற்றியிருந்த துவாயை இழுத்து மூடினார்.

"அவரும் இண்டைக்கு இஞ்சைதான் எங்கயோ நிக்கிறார் எண்டுதான் நான் காலமையில இருந்து நினைச்சுக்கொண்டிருக்கிறன். செத்த ஆள் ஒராள் ஏற்கெனவே வந்திட்டார். துணைக்கு இன்னொராள் வந்தா இடம் காணாதோ? வாங்கோ."

அண்ணை ஒரு காலை எடுத்து வாசற்படியில் வைத்தார்.

"அப்ப நீங்களும் முன்னுக்கு வரவேணும், தங்கச்சி. செத்தவை வரலாம், நீங்கள் வரக்கூடாதோ?"

அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி தயங்கினார். பிறகு இரண்டு பேருமாக உள்ளே நடந்தார்கள். கல்லை மாமா வாங்கிக்கொண்டார். நாளைக்குத் தானே கொண்டுபோய் வைப்பதாகவும், இன்று அது கலியாணம் பார்க்கட்டும் என்றும் சொல்லி, கடைசி வரிசையில் ஒரு கதிரையில் வைத்துப் பக்கத்தில் அமர்ந்தார். அந்த வரிசையில் மட்டும் குளிர்ந்தது. யாரும் எழும்பிப் போகவில்லை.

தாலித் தட்டோடு அண்ணை சபையைச் சுற்றி வந்தார். ஒவ்வொருவராகத் தொட்டு வணங்கினார்கள். நிமலனின் அம்மா முதல் வரிசையில் இருந்து தொட்டபோது அண்ணைக்குக் கண் நிறைந்து வழிந்தது. தட்டு இரண்டு கையிலும் இருந்தபடியால் அவரால் துடைக்க முடியவில்லை. நான் எழும்பிப் போய் என் சால்வைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.