மால்டோவாவின் வீரபாண்டித் தூதர்

நான் நூல் பிசிர் வெட்டி அனுப்பிய பனியனைப் போட்டுக்கொள்ளாத நாடு இந்த உலக உருண்டையில் ஒன்றுகூடக் கிடையாது. சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். பதினொரு நாடுகள். அதில் ஒன்று கேரளா.

பார்த்தீர்களா, நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டேன். இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் பிராணியிடம் இந்த நல்ல குணத்தை எதிர்பார்க்காதீர்கள். பாஸ்போர்ட் எடுக்காத தூதர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். ஏதாவது ஒரு நாட்டின் பெயரை அதன் காதுபடச் சொல்லிவிட்டால் போதும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடியே கைபேசியில் ஒரு பக்கம் படித்து, படித்ததில் பாதியை மறந்து, மறந்த பாதியைத் தானே நெய்து நிரப்பி, மாலை டீக்கு வரும்போது அந்த நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியாகவே வந்து நிற்கும். நியமனக் கடிதம் யார் கொடுத்தது? யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மணி நேரம் பதில் வரும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பேச்சு "சுருக்கமாச் சொல்றேனுங்க" என்று தொடங்கும். அதுதான் அபாயச் சங்கு. அடுத்தது பரப்பளவு. உலகத்தில் வேறு யாராவது ஒரு ஊரைப் பற்றிப் பேசும்போது பரப்பளவில் தொடங்குவார்களா? இது தொடங்கும். பரப்பளவுக்குப் பின்னால் மக்கள்தொகை, அதற்குப் பின்னால் மலை, ஆறு, விளைச்சல், கடைசியில் அரசாங்கம். நடுவில் புகுந்து நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், மறுபடியும் பரப்பளவிலிருந்து ஆரம்பம். எந்தத் தூரமானாலும் அவிநாசியிலிருந்துதான் அளக்கப்படும். எந்த ஆறானாலும் அமராவதியோடுதான் ஒப்பிடப்படும், பாவம் அமராவதி. விடை தெரியாத இடம் வந்தால்? கண்ணை லேசாக மூடிக்கொண்டு, "அது பழைய சோவியத்துங்க" என்று சொல்லிவிடும். அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

திருப்பூர்ப் பக்கம் எங்கள் வீரபாண்டி ஊரின் தூதர் பெயர் ரத்தினசாமி. என் மருமகன் வேல்குமாரின் பனியன் கம்பெனிக்கு எதிரே காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். அவசரம் என்றால் ரத்தம் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே அந்த ரத்த வகை எந்தெந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்றும் சொல்வார். இதுவரை அவர் போன அதிக தூரம் திருப்பதி. அதுவும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனார்.

இந்த ஆடி மாதம் வேல்குமாரின் கம்பெனியில் முப்பது மிஷின்களில் பதினெட்டு, துணி போர்த்திக்கொண்டு கிடந்தன. வழக்கமாக வாங்கும் பெரிய நாட்டுக்காரர்கள் வரியைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். தீபாவளிக்குள் புது ஆர்டர் வராவிட்டால் பன்னிரண்டு டைலர்களை ஊருக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று மருமகன் என்னிடம் மட்டும் சொன்னார். என்னிடம் மட்டும் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியவரும் என்பதை இருபத்தைந்து வருஷமாகியும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. பட்டியலில் முதல் பெயர் பாண்டியம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருஷமாக எங்கள் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். விஷயம் காதில் விழுந்ததும் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அதைப் பார்த்ததிலிருந்து மருமகனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மால்டோவா என்ற நாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. நத்தாலியா என்று ஒரு பெண்மணி. அங்கே குழந்தை உடுப்புக் கடைகள் வைத்திருக்கிறார். அடுத்த புதன்கிழமை நேரில் வந்து சாம்பிள் பார்க்கிறாராம். படித்துச் சொன்னவள் என்னை 'அம்மாயி' என்று கூப்பிடும் என் மகள்வழிப் பேத்தி ஜெயசுதா. கம்பெனியின் ஆங்கிலம் முழுவதும் அவள் பொறுப்பு. மருமகன் சந்தோஷத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். அந்த நாட்டின் பெயரை நல்லான் டீக்கடையில் வைத்துச் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை தூதர் பதவியேற்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"சுருக்கமாச் சொல்றேனுங்க. பரப்பளவு முப்பத்து மூவாயிரத்து எண்ணூத்திச் சில்லறை சதுர கிலோமீட்டருங்க. சனம் நம்ம திருப்பூர் ஜில்லா அளவுதான் இருக்குமுங்க. இக்கட்டால ருமேனியா, அக்கட்டால உக்ரைன், நடுவால இது. மலைன்னு ஒண்ண வெச்சுக்கிட்டிருக்கறாங்க, நானூத்தி முப்பது மீட்டரு. நம்ம சென்னிமலை அதைக் குனிஞ்சுதான் பாக்கோணும்."

"தொழிலு என்னங்க?" என்றார் மருமகன்.

"திராட்சைங்க! பூமிக்கடியில இருநூறு கிலோமீட்டருக்குச் சுரங்கம். பூரா ஒயின் பாட்டில். கார்லயே உள்ளார போறாங்க."

"திரும்பி வர்றாங்களாங்க?" என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்த நல்லான்.

"குறுக்க பேசாத. பரப்பளவு முப்பத்து மூவாயிரத்து எண்ணூத்திச் சில்லறைங்க..."

மறுபடியும் மலையேறி, சுரங்கத்தில் இறங்கி, அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தோம். ஜனாதிபதி ஒருவர், பிரதமர் ஒருவர், பார்லிமென்டில் நூற்றியொரு பேர்.

"அதென்னுங்க, மொய் வெக்கறாப்புல நூத்தியொண்ணு?" என்றான் நல்லான்.

"அது பழைய சோவியத்துங்க."

நல்லான் அடுத்த டீயை ஆற்றத் திரும்பினான்.

"முக்கியமானது ஒண்ணுங்க," என்று ரத்தினசாமி குரலைத் தாழ்த்தினார். "சுத்தியும் நெலம். கடலுங்கறதே கெடையாது. ஒரு சொட்டு கெடையாது."

இங்கேதான் வினை வந்தது. எங்கள் கம்பெனியில் எப்போதும் ஓடுகிற சரக்கு ஒன்று உண்டு: குழந்தைகளுக்கான நீலம் வெள்ளைக் கோடு போட்ட அரைக்கைப் பனியன், நெஞ்சில் பெரிய நங்கூரம். பன்னிரண்டு வருஷமாக சாம்பிள் கம்பியில் முன்னால் தொங்குவது அதுதான். கடலையே பார்க்காத சனத்திடம் நங்கூரத்தை நீட்டினால் பல்லில்லாதவர் தட்டில் முறுக்கு வைத்தது போல் ஆகிவிடாதா? அந்த அம்மாள் முகம் சுளித்துத் திரும்பிப் போய்விட்டால்? எடுங்கள் அதையெல்லாம்! இப்படிச் சொன்னவர் ரத்தினசாமி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரங்கள் எல்லாம் இறக்கப்பட்டு, மூட்டை கட்டப்பட்டு, பனியன் வேஸ்ட் போடும் மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. மருமகன் இருந்த பயத்தில், கடவுளே வந்து யோசனை சொன்னால்கூட இரண்டாவது ஆளிடம் கேட்டிருப்பார். யோசனை சொன்னதோ பக்கத்திலேயே இருந்த ஆள் என்பதால் உடனே தலையாட்டிவிட்டார்.

பதிலாக என்ன? திராட்சை. இரண்டே நாளில் பிரிண்டிங் பட்டறையைக் கெஞ்சிக் கூத்தாடி, இருபத்து நான்கு பனியன்களில் திராட்சைக் கொத்து அடித்து வாங்கினோம். சாம்பிள் டைலர் இசக்கிமுத்து அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கத்திரிக்கா நல்லாத்தான் இருக்கு. இந்த நாயி எதுக்குல இதைத் திங்குது?" என்று கேட்டான். அது நாய் இல்லை, கரடி. பழைய சோவியத் என்றால் ஒரு கரடியாவது வேண்டும் என்று தூதர் தனியாகப் பரிந்துரை செய்திருந்தார்.

புதன்கிழமை நத்தாலியா வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, துணியைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, இவர் தொழில் தெரிந்தவர் என்று. அவருக்கு முன்பே, யாரும் அழைக்காமல், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் ரத்தினசாமி வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயசுதா, மொழிபெயர்க்க.

"கண்ணு, அம்மணிகிட்டச் சொல்லு. உங்க நாட்டோட பரப்பளவு முப்பத்து மூவாயிரத்து எண்ணூத்திச் சில்லறைன்னு."

ஜெயசுதா ஆங்கிலத்தில், "உங்களைப் பார்த்ததில் இவருக்கு மிகவும் சந்தோஷம்" என்றாள். நத்தாலியா புன்னகைத்தார்.

"பாத்தீங்களா, கணக்கு சரிதானுங்க. மலை நானூத்தி முப்பது மீட்டருதான், அதுக்காக வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு."

"டீ வேண்டுமா, காபி வேண்டுமா என்று கேட்கிறார்."

நத்தாலியா டீ போதும் என்றார். தூதர் நெகிழ்ந்துபோனார். தன் நாட்டைப் பற்றி இவ்வளவு அடக்கமாக ஒருவர் பேசி அவர் கேட்டதே இல்லையாம்.

இப்படியே ஜனாதிபதியும் பிரதமரும் நூற்றியொரு பேரும் பிஸ்கட்டாகவும் மின்விசிறியாகவும் மொழிபெயர்க்கப்பட்டு முடிந்தபின், மருமகன் திராட்சைப் பனியனை விரித்தார். நத்தாலியா பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கரடியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். ஜெயசுதா தன் அப்பா பக்கம் திரும்பினாள்.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்றார் மருமகன்.

"எந்த நாட்டுக்குப் போனாலும் திராட்சையத்தான் காட்டறாங்களாம்ப்பா. 'எங்க கொழந்தைங்க திராட்சைத் தோட்டத்துக்குள்ளயேதான் வளருது, சட்டையிலும் அது எதுக்கு'ன்னு கேக்கறாங்க. தையல் நல்லாருக்குதாம். ஆனா இது தேவையில்லைங்கறாங்க."

நத்தாலியா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மருமகன் என்னைப் பார்த்தார். நான் ரத்தினசாமியைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ரத்தினசாமி யாரையும் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார். 

வாசலுக்குப் போகும் வழியில்தான் பாண்டியம்மாளின் மிஷின். யார் வந்தால் என்ன, போனால் என்ன என்று அவள் மிஷினில் வழிந்த எண்ணெயை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகுமுன் மிஷினைச் சுத்தமாக விட்டுப் போகவேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். நத்தாலியா நின்றார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். பாண்டியம்மாளின் கையிலிருந்து அந்தத் துணியை வாங்கி விரித்தார். நீலக் கோடு, வெள்ளைக் கோடு, நடுவில் எண்ணெய்க் கறையோடு ஒரு நங்கூரம்.

"ஏத்தா, அழுக்குத்தா அது! வெள்ளக்கார அம்மா கையில போயி... எண்ணெ ஒட்டிக்கிரும், குடுங்க தாயி!" என்று பாண்டியம்மாள் இழுக்க, அந்த அம்மாள் விடாமல் இழுக்க, எங்கள் கம்பெனியின் எதிர்காலம் கொஞ்ச நேரம் இரண்டு பெண்களுக்கு நடுவே நன்றாக நீண்டு கொடுத்தது. நல்ல பின்னல், கிழியவில்லை.

பிறகு ஜெயசுதா சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். கடல் இல்லாத ஊர் என்பதால்தான் கடல் என்றால் அங்கே குழந்தைகளுக்கு உயிராம். கோடை விடுமுறை வந்தால் பக்கத்து நாட்டுக் கடற்கரைக்குத்தான் ஓடுவார்களாம். போகும்போது கோடு போட்ட பனியன் இல்லாவிட்டால் அழுகையாம். அதுமட்டுமில்லை, நாட்டின் தெற்கு முனை டான்யூப் நதியை அரைக் கிலோமீட்டர் போலத் தொடுகிறதாம். அந்த அரைக் கிலோமீட்டரில் ஒரு துறைமுகம் கட்டி, கடலிலிருந்து ஆற்று வழியாகக் கப்பலே வந்து போகிறதாம். நத்தாலியாவின் கணவர் அங்கேதான் கிரேன் ஓட்டுகிறாராம்.

மூட்டை அவிழ்ந்தது. ஆர்டர் நாற்பதாயிரம் பீஸ், எல்லாம் நங்கூரம். பதினெட்டு மிஷின்களின் போர்வையும் அன்றைக்கே உருவப்பட்டது. பாண்டியம்மாளின் டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பியது. எண்ணெய்ப் பனியனை நத்தாலியா மடித்து, அளவுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று, பையில் வைத்துக் கொண்டுபோனார்.

ரத்தினசாமி வெட்கத்தில் ஒரு மாதம் தலைகாட்ட மாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நல்லான் கடையில் குரல் கேட்டது:

"சுருக்கமாச் சொல்றேனுங்க. மால்டோவாவுக்குக் கடல் இல்லைன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாங்க. தப்புங்க. துறைமுகமே இருக்குது! ஆருக்கும் தெரியாது. அந்த அம்மணிகிட்ட நேத்து நான் எடுத்துச் சொன்னப்பறந்தான் அவிய நாற்பதாயிரம் பீஸ் குடுத்தாங்க."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. இந்தப் பக்கத்தைக் கையில் எடுப்பதற்கு முன் மால்டோவாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இப்போது பரப்பளவு தெரியும், மலையின் உயரம் தெரியும், பார்லிமென்டில் எத்தனை பேர் என்று தெரியும், யாருக்கும் தெரியாத அந்த அரைக் கிலோமீட்டர்கூடத் தெரியும். இன்று மாலை நீங்கள் டீ குடிக்கும் இடத்தில் யாராவது தற்செயலாக அந்தப் பெயரைச் சொன்னால், உங்களால் வாயை மூடிக்கொண்டு டீயை மட்டும் குடித்துவிட்டு வர முடியுமா? சத்தியமாகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்து, தட்டச்சு செய்யச் சொல்லி ஜெயசுதாவிடம் கொடுத்தேன். படிக்கும்போது இரண்டு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"நாடு பதினொண்ணு இல்லீங்க அம்மாயி, கேரளாவச் சேத்தி ஏழு. அதக்கூட உட்டறலாம். ஆனா அந்த முறுக்கு, பல்லுன்னு சொல்லி, நங்கூரத்தையெல்லாம் மூட்டை கட்ட வெச்சது நீங்கதானுங்க. ரத்தினசாமி மாமன், 'ஓடற சரக்குங்க, ஓரமாவாச்சும் தொங்கட்டுமுங்க'ன்னு ரெண்டு தடவ சொன்னாரு."