எட்டு எழுத்தில் பறிபோன என் பெயர்

கரவெட்டி,
மாசி 1986.

லண்டன் குளிரோடு மல்லுக்கட்டும் அன்பு மச்சான் தம்பிஐயாவுக்கு, உமது அக்காவின் கணவன் சிவசுப்பிரமணியம் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உமது நலத்தை நல்லூரானிடம் பாரம் கொடுத்திருக்கிறோம்.

மச்சான், நான் வென்றுவிட்டேன்! நெல்லியடியில் சோமசேகரம் மாஸ்ரர் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறார். அந்தப் பெட்டிக்குள் ஒரு கருத்துப் பலகையும் செய்து வைத்திருக்கிறார். பெயரையும் இரகசியச் சொல்லையும் தட்டினால் உள்ளே போகலாம்; தமிழை இங்கிலீசு எழுத்தில் எழுதலாம்; மற்றவர்கள் வந்து வாசித்துப் பதில் எழுதுவார்கள். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு முத்திரை இல்லாத தபால் கசக்குமா? சேர்ந்தேன். ஒரு கிழமை சுகமாகப் போனது. பிறகு பெட்டி என்னை உள்ளே விட மறுத்தது.

"சொல்லை மறந்திருப்பியள், ஐயா" என்றார் மாஸ்ரர்.

"என்ரை மனிசியின்ரை பேர்தான் சொல். அதை மறந்திட்டு நான் வீட்டை போகேலுமே?"

இங்கிலீசுப் பெரிய எழுத்துக்கான பூட்டுக் கட்டையைத் தட்டிப் பார்த்தோம், பெட்டியை அணைத்து எழுப்பினோம், அதற்கு விபூதிகூடப் பூசினேன், அசையவில்லை. வீட்டிற்கு வந்து சொன்னால் உமது அக்கா ஞானாம்பிகை, "என்ரை பேர் பிழையெண்டு சொன்ன பெட்டியிட்டை இனிப் போகாதேங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. ஊரிலே கூழ் காய்ச்சுவதில் மன்னன் நம் கந்தப்பு அண்ணை படலையில் நின்று கத்தினார்: "கூழுக்கு மீன் தேவையில்லை, மீன் போடுறவனுக்கு நாக்கில்லை எண்டு பலகையிலை எழுதினது நீர்தானே? சனிக்கிழமை என்ரை கூழ்ப் பானைக்குக் கிட்டவும் வரப்படாது!"

மச்சான், பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழுக்கு மீன் வேண்டாமென்று நான் எழுதுவேனா? மறுத்து எழுதலாமென்றால் பெட்டி உள்ளே விடாது. சந்தையில் மீன் விற்கும் சிசிலியாகூட என்னைக் கண்டதும் கடகத்தை மூடினாள். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் மானத்தை மீட்கப் போனால், பெட்டிக்கு முன்னே கோயில் குருக்கள் இருக்கிறார். திரையில் என் பெயர்!

"ஐயா, உது என்ரை பேரெல்லோ?"

"என்ன கதைக்கிறீர்? சிவசுப்பிரமணியக் குருக்கள் எண்டு என்ரை அப்பா வைச்ச பேர்!"

மாஸ்ரர் தலையில் கையை வைத்தார். பெட்டி பெயரின் முதல் எட்டு எழுத்தை மட்டும்தான் எடுக்குமாம். இங்கிலீசில் எட்டு எழுத்து வரை நாங்கள் இருவரும் ஒரே ஆள்! பின்னால் சேர்ந்த குருக்களின் சொல் என் சொல்லை அழித்துவிட்டது. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத மனிதர், மீன் வேண்டாமென்று மனமார எழுதியிருக்கிறார்.

"முன்னெழுத்தை முதலிலை போடும்" என்று நானே வழி சொன்னேன். என் 'க'வை இங்கிலீசில் முன்னால் போட்டுப் புதிய பெயரில் நுழைந்தேன். மறுப்பை ஒற்றை விரலால் தட்டினால், யோசிக்கக் கொஞ்சம் நிறுத்தியதும் பெட்டி என்னை வெளியே தள்ளுகிறது, எழுதியதெல்லாம் போகிறது! சும்மா இருந்தால் ஆள் போய்விட்டான் என்று நினைக்குமாம். விட்டேனா? வலது விரலால் எழுதினேன். யோசிக்கும்போது இடது விரலால் வெற்றிடக் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சொல்லுக்குச் சொல் ஒரு முழம் இடைவெளி, ஆனாலும் மறுப்பு ஏறியது! குருக்களும் கீழே, "மீன் வேண்டாமென்றது நானே" என்று எழுதினார்.

கந்தப்பு அண்ணை வந்து வாசித்துவிட்டு என் கையைப் பிடித்தார்: "கூழ் வார்க்க மடிக்கிற முதல் பிலாவிலை உமக்குத்தான்!" உமது அக்காவும் சிரித்துவிட்டார். ஊர் முழுக்க இதே கதை.

உமக்கும் பிள்ளைகளுக்கும் சன்னதி முருகன் குளிர் தாங்கும் உடம்பைத் தரட்டும்.

இப்படிக்கு,
மானம் மீண்ட அத்தான்,
க. சிவசுப்பிரமணியம்

பி.கு.: சனிக்கிழமை கூழுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். இடையில் கடற்படை மீனவருக்குக் கடலுக்குப் போகத் தடை போட்டதால் ஒரு நெத்தலிகூட இல்லை. வெறும் மரக்கறிக் கூழ். மச்சான், உள்ளதைச் சொன்னால் நான்கு பிலாவிலை குடித்தேன். குருக்கள் எழுதியதுதான் சரி. இதை லண்டனில் ஒருவரிடமும் வாய் திறக்கவேண்டாம்.