போகுமுன்பே ரோம் பார்த்தவர்

உலகத்தில் பயணம் போகிறவர்கள் ஓர் இனம், பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வேறோர் இனம். இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை ஆகாது. தப்பித் தவறி ஆகிவிட்டால், ஒருவர் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் அதைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்.

நான் சொல்ல வந்தது அந்தப் பிரித்துச் சரிபார்க்கும் இனத்தைப் பற்றி. உங்களுக்கும் தெரிந்தவர்தான். நீங்கள் ஐரோப்பா போய்வந்த களைப்போடு வீட்டுக் கதவைத் திறக்குமுன்னே வந்து நிற்பார். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார். "எந்த வாசல் வழியா உள்ளே போனேள்?" என்பார். நீங்கள் எந்த வாசலைச் சொன்னாலும் அது தப்பு வாசல். மெல்பேர்ன் கொலின்ஸ் வீதியில் உள்ள பயண முகவர்கள் அவரைக் கண்டதும் வரைபடங்களை எடுத்து ஒளித்து வைப்பார்கள். எந்தத் தூணில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்தத் தேவாலயத்தில் செருப்புக் கடிக்கும், எந்தச் சந்தில் திரும்பினால் நீரூற்று வரும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதெல்லாம் சரி, ஐயா எந்த ஊர் வரைக்கும் போயிருக்கிறார்? ஜீலோங் வரைக்கும். மெல்பேர்னிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.

எங்கள் சேஷாத்ரி இந்த இனத்தின் தலைமகன். மல்கிரேவில் வீடு, தண்ணீர்க் குழாய் எஞ்சினியர் வேலை. அவர் மனைவி வேதவல்லி கும்பகோணத்தில் சரித்திர டீச்சராக இருந்தவர், இங்கே வந்தும் பள்ளிக்கூடத்தில் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறார். ரோமைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே அவருடைய விரல் தேய்ந்தது. ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. மூன்று வருஷமாகக் கேட்கிறார். மூன்று வருஷமும் சேஷாத்ரியின் பதில், "இன்னும் ரெடியாகலை."

எழுபத்தாறாம் ஆண்டு ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு வேதவல்லியே போய் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார். ஐந்து நாள் ரோம், பிறகு லண்டனில் அண்ணா வீடு. "இந்தத் தடவையும் போகலைன்னா, இனிமே ரோமைப் பத்திப் பாடமே எடுக்க மாட்டேன்" என்றார் எங்களிடம். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சேஷாத்ரி என்ன செய்தார் தெரியுமா? ஒத்திகை வைத்தார். நாடகத்துக்கு வைப்பதுபோல ரோமுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாரையும் மெல்பேர்ன் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கிரிக்கெட் மைதானத்தைக் கொலோசியம் என்றார், யாரா நதியை டைபர் என்றார், ஸ்டேட் லைப்ரரிக் கூரைக்குக் கீழே நிறுத்தி இதுதான் வத்திக்கான் என்றார். நானும் என் மனைவி ரஞ்சினியும் எதற்கு? கூட்டத்துக்கு. ரோமில் கூட்டம் இருக்குமாம். கால் கடுத்த வேதவல்லி ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்காரப் போனார்.

"எழுந்திரு. ரோம்ல இந்த இடத்துல பெஞ்ச் கிடையாது" என்றார் சேஷாத்ரி.

"உந்த மனுசன் மூச்சு விடுறதுக்கும் நேரம் வைச்சிருக்கிறாரோ?" என்று ரஞ்சினி என் காதில் கேட்டாள்.

"ஓம். ஆனால் அது இரண்டாம் நாள்" என்றேன்.

விமானம் வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கத்தைப் புரட்டிய சேஷாத்ரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், ரோமோ மேற்கே. விடுவாரா? பரஸ்தானம் வைத்தார். நான் யாழ்ப்பாணத்துக்காரன், எனக்கு இது புதிது. கிளம்பும் நாள் சரியில்லையென்றால், நல்ல நாளிலேயே ஒரு பெட்டியை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்காம். புதன்கிழமை நல்ல நேரத்தில் தன் தோல் கைப்பெட்டியைக் கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். திட்டம், வரைபடங்கள், பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அதற்குள்ளே. வேதவல்லி மட்டும், "என்னோடது என் கைப்பையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

"நீங்க யாரும் தொடப்படாது. போற வழியில நானே வந்து எடுத்துப்பேன்" என்றார். எங்கள் வீட்டுச் சாவி ஒன்றையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் ரஞ்சினியும் வேலை முடிந்து நேரே விமான நிலையத்துக்குப் போனோம். வேதவல்லி தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். சேஷாத்ரி சட்டைப் பையைத் தொட்டார். கோட்டுப் பையைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது எங்கடை வீட்டிலையெல்லோ இருக்குது. நீங்கள் வந்து எடுக்கேல்லையோ?"

எடுக்கவில்லை. டாக்சி எங்கள் தெருவைத் தாண்டும்போது அவர் வேதவல்லியிடம் இரண்டாம் நாள் நிகழ்ச்சியை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ரோமில் இறங்கியதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் திட்டம் இருந்தது. கிளென் வேவர்லியில் இறங்குவதற்குத்தான் இல்லை. போய்த் திரும்பி வர நேரமும் இல்லை.

"நீ போகாதே. அடுத்த விமானத்துல சேர்ந்தே போலாம். திட்டம் ரெண்டு பேருக்குன்னா போட்டிருக்கேன்" என்றார்.

வேதவல்லி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மூணு வருஷமா நீங்க ரோமுக்குப் போயிண்டே இருக்கேள். நான் இன்னும் ஒரு தடவைகூடப் போகலை. போயிட்டு வரேன்."

போயே விட்டார். "முதல் நாள் இடது பக்க வாசல்" என்று சேஷாத்ரி பின்னாலிருந்து கத்தியது அவர் காதில் விழுந்ததா தெரியாது. எங்களுக்கு உள்ளே தாங்க முடியாத சந்தோஷம். வெளியே துக்கம் விசாரிக்கும் முகத்தோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அவருக்கு நான்கு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. திரும்பி வந்தபின் வேதவல்லி எங்கள் குசினியில் அடுப்புப் பக்கமாக உட்கார்ந்து சொன்னார்: "தினம் பிள்ளைகளுக்கு வரைஞ்சு காட்டின வளைவு. அதுக்குக் கீழே உக்காந்து அழுதுட்டேன். யாரும் எழுந்திருன்னு சொல்லலை." தினமும் காலையில் எழுந்து, கால் போன பக்கம் போனாராம். தப்பு வாசல் வழியாகவே எல்லா இடத்திலும் நுழைந்தாராம்.

சேஷாத்ரி? கடைசி நாள் போய் இறங்கி, ஐந்து நாள் திட்டத்தையும் ஒரே பகலில் ஓடி முடித்துவிட்டார். ஒன்று பாக்கியில்லை.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"மெல்பேர்ன்ல பார்த்த மாதிரியேதான்" என்றார், பரம திருப்தியோடு. இப்போது ஏதென்ஸ் ஒத்திகை நடக்கிறது.

நீங்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்தீர்கள், சரி. நடுவில் ஓர் இடத்தில், பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெறும் பெட்டியை வைத்திருந்தால் பரஸ்தானமும் ஆயிற்று, பயணமும் ஆயிற்றே என்று உங்கள் மனதில் ஒரு சின்னத் திருத்தம் ஓடவில்லையா? ஓடியிருந்தால், நான் யாரைப் பற்றி எழுதினேன் என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.