மருமகளுக்கு வாங்கிய மீன்

இறாலைத் திரும்பியும் பார்க்கவில்லை அந்த மீன்.

மரியஜான் ஈர்க்குச்சியின் நுனியில் இறால் துண்டைக் குத்தி, கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, கை மரத்துப் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். நீல நிற மீன் மெதுவாக வந்தது. பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

“இஞ்சேருங்க, தின்னுதா?” அடுக்களையிலிருந்து மனைவி செசிலி கேட்டாள்.

“வந்து பாத்துட்டுப் போவுது. வாடை பிடிக்கல்ல போல.”

“விடியக்காலம் கரைக்கு வந்த இறாலு! அதுல என்ன வாடை?”

முட்டத்திலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாக மீன் அனுப்பிய மனிதர் மரியஜான். அந்தக் காலமெல்லாம் மீனுக்கு அவர் கொடுத்தது ஐஸ் மட்டும்தான். தொழிலை விட்டு நிம்மதியாக உட்கார்ந்த வயதில் ஒரு மீனுக்குச் சோறூட்ட வேண்டிவரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

எல்லாம் மருமகளுக்காக. மகன் டிஜோ காதலித்துக் கட்டிய ரேஷ்மி, அஞ்சுகிராமத்துப் பெண். கல்யாணப் பேச்சு வந்தபோது சொந்தக்காரர்கள் குதித்த குதிக்கு மரியஜான் ஒரே போடாகப் போட்டார். “பொண்ணு சைவம், நாம மாதா கோயிலுக்குப் போற வேதம். அதுக்கென்ன இப்போ? சாமிமாருக்குள்ள சண்டை வந்தா நான் பாத்துக்கிடுகேன்!” கப்பல் வேலைக்குத் திரும்பிய டிஜோவும் போகிற போக்கில் ‘அவ சைவம்’ என்பதையே நினைவுபடுத்திவிட்டுப் போனான். மரியஜான் அன்றைக்கே முன்னறையில் ஒரு அலமாரித் தட்டை ஒழித்து, “மக்கா, உன் சாமிக்கு இஞ்ச விளக்கு வச்சுக்கோ” என்று மருமகளிடம் கொடுத்துவிட்டார். பரந்த மனசு என்று ஊரே பேசியது. அதில் அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

டிஜோ போனதிலிருந்து பெண்ணின் முகம் வாடிக்கிடந்தது. துணி எடுக்கக் கோட்டாற்றுக்குக் கூட்டிப்போன இடத்தில், மீன் தொட்டிக் கடை முன்னால் அவள் கால் நின்றது. “எவ்வளவு அழகா இருக்கு மாமா!” அவள் அந்த வீட்டுக்கு வந்தபின் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். மரியஜான் மீனையும் தொட்டியையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அது வந்த நாள் முதல் பட்டினி.

பக்கத்து வீட்டு பெபிஷா தினமும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். “செசிலி அக்கா, மருமக வந்த கையோட வந்த மீனு பாத்துக்கோங்க. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு சும்மா இருக்குமா? பிள்ள கால் வச்ச நேரம்னுல்லா சொல்லுவாவ!”

மரியஜானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேஷ்மி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். அன்றைக்கு இந்த மீன் மல்லாந்து கிடந்தால்?

“சாவ விடமாட்டேன்” என்றார் மரியஜான். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்து சிப்பி வந்தது. கல்லில் குத்தியெடுத்த பச்சைச் சிப்பி, உள்ளே மஞ்சள் சதையோடு. மீன் தொடவில்லை. கணவாய் வந்தது. அதையும் தொடவில்லை. தொட்ட ஒரே ஆள் தண்ணீர்தான்; மறுநாள் காலையில் தொட்டி முழுக்கப் பால் நிறமாகி, வீடு மீன்பிடித் துறைமுகமாக நாறியது.

“கடல் மீனுக்குக் கடைக்காரன் குடுத்த உப்புத் தண்ணி போதுமா?” என்று மரியஜான் கேன்களோடு கடலுக்குப் போய் மொண்டு வந்து ஊற்றினார். தண்ணீர் தெளிந்தது. அதோடு ஒரு குட்டி நண்டும் வந்திருந்தது. சிப்பி, கணவாய், இறால் எல்லாவற்றையும் நண்டு வெளுத்துக்கட்டியது. மீன் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

“நண்டுக்கு இருக்க பவுசைப் பாரு! காசு குடுத்து வாங்கினது பட்டினி. ஓசியில வந்தது கொழுக்கு!” என்று மரியஜான் பொருமினார்.

செசிலிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் கவலை மருமகள். “பிள்ள மெலிஞ்சு போனா அவ அம்மைக்கு யாரு பதில் சொல்லுகது?” என்று நெய்மீன் வறுவல், சாளைப் புளிமுளம் என வேளைக்கு ஒன்றாக வைத்தாள். துவையலில்கூடக் கூனி இறால் பொடி, அவியலில்கூடக் கருவாடு. ரேஷ்மி தட்டை வாங்கிக்கொண்டு, “பின்னால காத்தோட்டமா இருந்து சாப்பிடுதேன் அத்தை” என்று பின்வாசலுக்குப் போய்விடுவாள். தட்டு துடைத்த மாதிரி திரும்பி வரும்.

“முள்ளு கூட மிச்சம் வைக்கல்ல! என் கைப்பக்குவம் அப்படி” என்று செசிலி பூரித்தாள்.

எங்கிருந்தோ நாலைந்து பூனைகள் பின்வாசலில் குடியேறியிருந்தன. தொட்டி மீனுக்குத்தான் அவை காத்திருக்கின்றன என்று மரியஜான் கம்பெடுத்துத் துரத்தினார். அவை சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்தன.

கடைசியில் கௌரவத்தை விட்டுவிட்டுக் கடைக்காரன் லிஜினிடமே போனார்.

“இறாலு குடுத்தியளா? சிப்பியா?” லிஜின் தலையில் கை வைத்துக்கொண்டான். “அண்ணாச்சி, அது சுத்த சைவமாக்கும்!”

“மீனுலயும் சைவம், வேதம் எல்லாம் உண்டாடே?”

“தமாசு பண்ணாதீங்க. அது பாசி மட்டுந்தான் திங்கும். நீங்க எதிருல நின்னாலும் திங்காது. மீசையப் பாத்துப் பயப்படும். வேற யாரையாவது போடச் சொல்லுங்க.”

அவன் கொடுத்த பாக்கெட்டில் கரும்பச்சைக் காகிதம் போலத் தாள் தாளாகக் கடல்பாசி. மேலே புரியாத எழுத்து. அடியில் ஒட்டிய சீட்டில், பலகாரப் பொட்டலங்களில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பச்சைப் புள்ளி.

“இது மனுசங்க திங்கதுதான் அண்ணாச்சி. ஜப்பான்காரன் சோத்துல சுத்தித் திங்கான்.”

வீட்டுக்கு வந்த மரியஜான் பாக்கெட்டை ஆட்டிக்காட்டிச் சிரித்தார். “பாத்தியா ஏட்டி, மனுசன் திங்க சாதனமாம் இது! வேற ஒண்ணும் கிடைக்காதவன் தின்னுருப்பான்.” பிறகு மருமகளிடம் நீட்டினார். “மக்கா, உன் கையால போடு. நான் வாசலுக்குப் போறேன்.”

சற்று நேரத்தில் ரேஷ்மியின் குரல் கேட்டது. “மாமா! தின்னுது!”

ஓடிவந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். உண்மைதான். நறுக்குநறுக்கென்று மீன் பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. தெருவுக்கே கேட்கும்படி பெபிஷாவைக் கூப்பிட்டுக் காட்டினார். “என் மருமக கை ராசி! பாத்துட்டுப் போ!”

அந்தச் சந்தோஷம் அன்றைக்கு ஒருநாள்தான். மறுநாள் பாக்கெட் காலி.

இன்னொன்று வாங்கினார். அதுவும் காலி. மூன்றாவது பாக்கெட்டுக்குப் போய் நின்றபோது லிஜின் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“அண்ணாச்சி, ஒரு பாக்கெட்டு ஒரு மாசத்துக்கு உள்ளதாக்கும். அம்புட்டையும் போட்டா மீனு வயிறு வெடிச்சுச் செத்துப்போவும்!”

மரியஜானுக்குக் கடையிலேயே வியர்த்துவிட்டது. பட்டினியில் சாகாத மீன் பந்தியில் சாகப் போகிறது!

முதலில் நண்டின் மேல் சந்தேகம். அதைப் பிடித்துக் கடலில் விட்டுவிட்டு வந்தார். பாக்கெட் அப்படியும் மெலிந்துகொண்டே போனது. மருமகளைத் தயக்கத்தோடு விசாரித்தார்.

“மக்கா, எவ்வளவு போடுவ?”

ரேஷ்மியின் முகம் சிவந்தது. “பசிக்கும்போது கொஞ்சம் எடுப்பேன் மாமா.”

“அதுக்குப் பசிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இளகிய மனசு, மீன் கெஞ்சினால் தாங்கமாட்டாள் என்று மரியஜான் முடிவு கட்டினார். திட்டவும் மனம் வரவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் செசிலியின் நகைகளோடு இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து நகம் அளவுத் துண்டு, அதுவும் முகத்தில் துண்டைக் கட்டி மீசையை மறைத்துக்கொண்டு, அவரே போட்டார். மீன் சமர்த்தாகத் தின்றது. வயிறும் வெடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வீடு மணத்தது. சம்பந்திகளுக்காகச் செசிலி சுறாப்புட்டு செய்திருந்தாள். அஞ்சுகிராமத்திலிருந்து கார் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. மரியஜான் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்து விளக்கைப் போட்டார். நீல மீன் பளபளவென்று சுற்றியது. இனி ஊர் என்ன பேசிவிடும்? அவருக்குப் பாட வேண்டும்போல இருந்தது.

“மக்கா, வந்து பாரு! உன் மீனு ஜம்முன்னு நிக்கு!”

காப்பித் தட்டோடு வந்த ரேஷ்மி தொட்டியைப் பார்த்தாள். தொட்டிக்குள் மிதந்த பாசித் துண்டைப் பார்த்தாள். அப்படியே கண் செருகி, தம்ளர்கள் உருள, தரையில் சாய்ந்துவிட்டாள்.

“ஐயோ, என் பிள்ள!” மரியஜான் அலறிய அலறலில் பெபிஷா சுவரேறிக் குதித்து வந்தாள். தண்ணீர் தெளித்தார்கள். பெபிஷா கையைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணை விரித்துப் பார்த்தாள். பிறகு வீடு அதிரக் கூவினாள்.

“செசிலி அக்கா! வேற என்ன? மருமக விசேஷமா இருக்கா!”

செசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். மரியஜானுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரப்பிள்ளை! கால் வைத்த நேரமாவது மண்ணாவது! அவர் தொட்டியைப் பார்த்து ஒரு கும்பிடே போட்டார்.

செசிலி அடுக்களைக்கு ஓடி, ஆவி பறக்கச் சுறாப்புட்டை அள்ளிக்கொண்டு வந்தாள். மருமகளைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோனாள். “தின்னு மக்கா. இனி நீ ரெண்டு உசுருக்குத் திங்கணும்.”

ரேஷ்மி கண் திறந்தாள். கவளத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பலை மரியஜான் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே என்று யோசிப்பதற்குள் அவள் அவர் வேட்டி நுனியைப் பிடித்தாள்.

“விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா, பசி. அலமாரில பூட்டின மீனு பாக்கெட்ட எடுத்துத் தாங்க. இந்த வீட்டுல பச்சைப் புள்ளி போட்ட சாப்பாடு அது ஒண்ணுதான் இருக்கு.”